வெயிலுக்கு வேலை கொடுத்தவர்

வலது உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரித்துப் பிடித்தபடி, அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லின் சூட்டைச் சோதிப்பவரைப் போல, தனக்கொடி மொட்டைமாடியில் குந்தியிருக்கிறார். சூரியன் எதிர்வீட்டு நீர்த்தொட்டிக்கு மேலே ஏறிவிட்டது. ஆயினும் அவருக்கு நிறைவு இல்லை. "இன்னும் வேலைக்கு எறங்கல. வெத்தல போட்டுக்கினு ஒக்காந்திருக்காங்க" என்கிறார். சிறிது பொறுத்து மீண்டும் கையை நீட்டுகிறார். இம்முறை முகம் மலர்கிறது. "வாங்க, வாங்க, வந்துட்டீங்களா?" என்று வெயிலை முறைப்படி வரவேற்ற பிறகுதான் கோரைப்பாயை உதறி விரிக்கிறார்.

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்திற்குப் போகும் சாலையை ஒட்டி, ஒரு சந்தில் எங்கள் அடுக்குக் குடியிருப்பு நிற்கிறது. பன்னிரண்டு குடும்பங்கள், ஒரு மின்தூக்கி, ஒரு மொட்டைமாடி. தனக்கொடிக்குத் தரைத்தளத்தில் வீடு. அவருடைய கணவர் ராஜவேல் சிறிய சுமைவண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறார். இருவரும் நெட்டப்பாக்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பயிர்த்தொழில் செய்த குடும்பத்தினர். வண்டிக்கு நகரத்தில்தான் நாள்தோறும் வாடகை கிடைக்கிறது என்பதால் ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கே குடிவந்தார்கள். ராஜவேலுக்கு வண்டி இருந்தது. தனக்கொடிக்கு வேலை இல்லை. அவரே தமக்கொரு தொழிலை உண்டாக்கிக்கொண்டார்: வடகம்.

வடகம் என்றால் அரிசிக்கூழைப் பிழிந்து காயவைப்பது அன்று. புதுச்சேரியில் மீன்குழம்பையும் காரக்குழம்பையும் தாளிக்கிறார்களே, அந்தத் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றோடு உப்புச் சேர்த்துப் பிசைந்து ஓர் இரவு ஊறவைப்பார். மறுநாள் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார். பிழிந்த சாற்றை வீணாக்க மாட்டார். மாலையில் உருண்டைகளை உதிர்த்து அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் உருட்டுவார். சாறு முழுவதும் உள்ளே ஏறி, உருண்டை கறுத்து, விளக்கெண்ணெய் தடவியதும் மினுமினுக்கும். அது கூழாங்கல்லைப் போல் ஒலிக்கும் நாளில்தான் விற்பனைக்கு வரும். உருண்டைகள் இரண்டை எடுத்துக் காதருகே தட்டிப் பார்ப்பது அவருடைய வழக்கம். ஓசை பிடிக்கவில்லை என்றால், வாங்க வந்தவர் வாசலிலேயே நின்றாலும் தரமாட்டார். "வெயிலு இன்னும் கையெழுத்துப் போடல. நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மூன்றாம் தளத்தில் வசிக்கும் ஜஹபர் நிஷா, தையல் வேலை செய்பவர். மாடிப்படிக்கு அருகிலேயே அவருடைய தையல் இயந்திரம் இருக்கிறது. தனக்கொடி பாயோடு மேலே ஏறும்போதெல்லாம் உள்ளிருந்து குரல் வரும்.

"என்னாடி தனக்கொடி, ஒம் மாமியாரு எழுந்தாச்சா?"

வெயிலுக்கு நிஷா வைத்த பெயர் அது. நாள்தோறும் விடியலில் எழுந்து யாருக்காக ஒருத்தி இவ்வளவு பணிவாகக் காத்திருப்பாள், மாமியாருக்கன்றி?

"எழுந்துட்டாங்க நிஷாக்கா. ஆனா மூஞ்சி தூக்கி வச்சிருக்காங்க. மேகம் ஒன்னு முந்தானைய புடிச்சு இழுக்குது."

"காப்பி போட்டுக் குடுத்தியா?"

"காப்பியெல்லாம் கேக்க மாட்டாங்க. எம் மாமியார வுட இவுங்க எவ்வளவோ மேலு. ஒரு நாள் லீவு போட்டாலும் மறுநாள் சேத்து வேல செஞ்சிடுவாங்க."

வெயிலை வேலையாள் என்றும், காற்றை வேலையாள் என்றும், மாடிக்கு வரும் காகங்களையும் வேலையாட்கள் என்றுமே தனக்கொடி பேசுகிறார். கேட்பவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றும். அவர் விளையாட்டாகச் சொல்வதில்லை. கதிர் அறுத்த களத்தில், வேலை செய்தவர் எவராயினும் வெறுங்கையோடு போகவிடாத ஊரில் வளர்ந்தவர். இங்கே தமக்கு உழைப்பவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தபோது வெயிலும் காற்றும்தான் நினைவுக்கு வந்தன; அவ்வளவே.

இந்தக் கணக்கு அவருக்கு உடனே பிடிபடவில்லை. குடிவந்த புதிதில் அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வந்ததில்லை. தரைத்தளத்து வீட்டின் சன்னல், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. பகலிலும் விளக்கு வேண்டும். "ஜன்னலத் தொறந்தா செவுரு. வானத்தப் பாக்கணும்னா ரோட்டுக்குப் போயி அண்ணாந்து நிக்கணும். வண்டிக்காரன் திட்டுவான்" என்று அந்நாள்களைப் பற்றிச் சொல்வார். மின்தூக்கியில் ஏற அச்சம். மொட்டைமாடி என்று ஒன்று இருப்பதே, துணி காயவைக்க நிஷா அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போன அன்றுதான் அவருக்குத் தெரியவந்தது.

கதவைத் திறந்தவுடன் கண்கூசி நின்றுவிட்டாராம். தலைக்குமேல் முழு வானம். கிழக்கே இரு கட்டடங்களுக்கு இடையில் விரற்கடை அகலத்தில் கடல். தரையெல்லாம் வெயில், யாரும் கேட்பாரின்றிக் கொட்டிக்கிடந்தது.

"ஊர்ல இருக்கச்ச வெயில திட்டத்தான் தெரியும் சார்" என்று என்னிடம் சொன்னார். "நடவு நடச்சொல்ல முதுவுல சுள்ளுனு அடிக்கும். எவ அதுக்கு நல்ல வார்த்த சொன்னா? இங்க வந்து மாடியில பாத்தப்பதான், அடடா, இவுங்களுந்தான் நம்ம கூடவே கெளம்பி வந்திருக்காங்கன்னு தோணுச்சு. நாம கூப்புடக்கூட இல்ல."

தொழிலின் முதற்கோடையில் அவர் ஒரு பிழை செய்தார். அவருடைய ஊரில் பொழுது சாயும்வரை வடகத்தை வெளியில் விட்டுவைப்பார்கள். இங்கும் அப்படியே செய்தார். உப்பளத்திலோ உச்சி சாய்ந்ததும் கடற்காற்று புறப்பட்டுவிடும். அதில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும். காலை முழுவதும் காய்ந்தது மாலைக்குள் பதத்துப்போயிற்று. நான்காம் நாள் உருண்டைகளின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. அத்தனை வெங்காயமும் குப்பைக்குப் போயிற்று. அன்று தனக்கொடி இடுப்பில் கைவைத்துக் கடலை நோக்கி நின்று, காற்றுக்கு விட்ட ஏச்சு இரண்டாம் தளம்வரை கேட்டது. "ஊரான் வூட்டுப் பண்டத்துல எச்சி துப்புறியே, நீயெல்லாம் ஒரு காத்தா? ஒனக்கு வேற வூடே கெடைக்கலியா?" மற்றவற்றை இங்கே எழுதுதல் முறையன்று.

அதே வாரம், கத்திரி வெயிலின் நடுவே மின்சாரம் நின்றது. வீட்டினுள் இருக்க முடியாமல் மாடிப்படியின் உச்சியில் தலையைச் சாய்த்துப் படுத்தார். உச்சிப்பொழுது சாய்ந்தது, காற்று வந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்தது. படிகள் வழியே இறங்கித் தரைத்தளம்வரை போய், புழுங்கிக் கிடந்த பன்னிரண்டு வீடுகளின் கதவுகளையும் தட்டியது. "திட்டுனவ தலையக்கூடத் தடவிட்டுப் போவுது பாரு" என்று நிஷாவிடம் சொன்னாராம். மறுநாள் முதல் வடகத்தை உச்சிக்கு முன்பே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துவைத்த துணிகளைக் கொடியில் போட்டார். "அவுருக்குத் துணி வேல, இவுங்களுக்கு வடக வேல. ஆளப் பாத்து வேல குடுக்கத் தெரியாதது என் தப்புதான?" என்றார்.

மாடியில் ஒரு காகத் தம்பதியும் உண்டு. பாயை விரித்ததும் முதல் உருண்டையை உதிர்த்துக் கைப்பிடிச் சுவரின்மேல் வைப்பார். புண்ணியத்திற்காக அன்று. "இது காவக்கூலி. இதுங்க ரெண்டும் நம்ம ஆளுங்க. வெளியூரு காக்கா வந்தா தொரத்தி அடிக்குங்க." ஒருமுறை அவ்விரண்டுமே ஓர் உருண்டையைத் திருடிச் சென்றதை நான் கண்ணால் கண்டு சொன்னேன். தனக்கொடி சற்றும் கலங்கவில்லை. "அட்வான்ஸ் எடுத்திருக்கும்" என்று முடித்துவிட்டார்.

காலை முழுவதும் மாடியிலேயே இருப்பவர் என்ற முறையில் மற்றொரு பொறுப்பையும் அவரே ஏற்றுக்கொண்டார். திடீரென்று தூறல் விழுந்தால், கொடியில் தொங்கும் துணிகள் யாருடையவை என்று பார்க்கமாட்டார். எல்லாவற்றையும் அள்ளி வருவார். உலர்ந்தவற்றை மடித்து, உரியவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் பையிலிட்டு மாட்டிவிட்டுப் போவார். கதவைத் தட்டுவதில்லை, சொல்லிக்காட்டுவதும் இல்லை.

அவருடைய வடகம் இப்போது கடல்கடந்து போகிறது. இரண்டாம் தளத்து ராமலிங்கம், பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் பெறுபவர். அவருடைய மகன் பாரிசில் குடியிருக்கிறார். ஆண்டுதோறும் மகனுக்குப் போகும் பெட்டியில் வேறு எது குறைந்தாலும் தனக்கொடியின் வடகம் குறையக் கூடாது. அங்கே பனிக்காலத்தில் வாரக்கணக்கில் வெயிலே தெரியாது என்று ராமலிங்கம் சொன்னதைக் கேட்டபின் தனக்கொடியின் நடையே மாறிவிட்டது. பெட்டிக்கு உருண்டை எடுத்துவைக்கும் நாளில் மற்ற நாளை விட நிமிர்ந்து நிற்கிறார். "உப்பளத்து வெயிலு பிளேன் ஏறிப் போவுது சார். அங்க கொழம்புல போட்டா சுருக்குனு முழிச்சிக்கும்."

சென்ற சித்திரையில் இவையனைத்தும் பறிபோகும் நிலை வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கோபிநாத், நான்காம் தளத்தில் வசிப்பவர், சுறுசுறுப்பானவர், பொதுச்செலவைக் குறைக்க வேண்டும் என்ற கவலை உள்ளவர். மொட்டைமாடி முழுவதும் சூரியத் தகடுகளைப் பதித்து மின்சாரம் எடுக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தார். தகடு பதித்தபின் மாடிக்கதவு பூட்டப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியிலேயே கூட்டம் கூடியது. ஓரத்தில் தனக்கொடியின் பாய் விரிந்திருந்தது.

"இவ்ளோ வெயிலும் சும்மா வீணாப் போவுது" என்று கோபிநாத் தொடங்கினார். "அதப் புடிச்சா மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு லைட்டு எல்லாம் அதுலயே ஓடிடும்."

"வீணாப் போவுதா?" என்று தனக்கொடி எழுந்துவிட்டார். "தெனம் காலைல டாண்ணு வேலைக்கு வர்ற ஆளப் பாத்து வீணாப் போறவுங்கன்னு சொல்றீங்களே தம்பி!"

சிரிப்பு எழுந்தது. கோபிநாத்தும் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "தமாஷ் இருக்கட்டுங்க்கா. ஒரு வூட்டு வடகத்துக்காக மத்த வூடெல்லாம் கரண்ட் பில்லு கட்டணுமா? நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க."

கேள்வியில் நியாயம் இருந்தது. பலர் தலையசைத்தார்கள். ராஜவேல் மனைவியின் முழங்கையைத் தொட்டு, "வுடு தனம். வேற எடம் பாக்கலாம். இல்லாட்டி ஊருக்கே போயிடலாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஊருல யாரு இருக்கா நமக்கு? இங்கதான் எனக்கு ஆளுங்க இருக்காங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"ஞாயத்தக் கேட்டீங்க, சொல்றேன் தம்பி. எங்க ஊரு ஏரில தண்ணி கொறைஞ்சா முறை வப்பாங்க. மதகு மேமடைக்காரன் வயலுக்குப் பக்கத்துலதான் இருக்குது. அதுக்காக அவனே பூராத் தண்ணியும் கட்டிக்க முடியுமா? கடமடைக்கு வுட்டே ஆவணும். ஒருத்தன் தன் முறை வேணாம்னா பக்கத்து வயலுக்குக் குடுத்துடலாம். தண்ணிக்கு இருக்குற ஞாயம் வெயிலுக்கு இல்லாமப் போயிடுமா? நீங்க தகடு போடுங்க, வேணாங்கல. எங்க ஆளுக்குப் புதுசா ஒரு வேல கெடைக்குது, எனக்குப் பெருமதான். ஆனா பாதில போடுங்க. மீதிப் பாதிக்கு முறை வைங்க. துணி காயப்போடுறவுங்க மொதல்ல வரட்டும். எம் முறை கடசியா இருக்கட்டும்."

தனக்கொடி தம் பங்கைக் கேட்டு வாதாடுவார் என்று எதிர்பார்த்த கூட்டம், அவர் கடைசி இடத்தைக் கேட்டதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு வீட்டுக்கும் முறை வைத்து அவருடையது கடைசியாக வந்தால் வடகம் காயாது, அழுகும். அது அவருக்கும் தெரியும்.

நிஷாதான் முதலில் பேசினார். "எம் முறைய தனக்கொடிக்குத் தர்றேன்."

"ஒங்க துணிங்க நிஷாக்கா?"

"ஊரான் துணியத்தான்டி நான் தெக்கிறேன். எந்துணி நாலே நாலு. சந்துல எங்கியாவது தொங்கும்."

"எம் முறையும் அந்த அம்மாவுக்குத்தான்" என்றார் ராமலிங்கம். "பாரிசுல எம் மவன் வூட்டுக் கொழம்பு சப்புனு போயிடக் கூடாது."

அதன்பின் ஒவ்வொரு வீடாகக் கை உயர்ந்தது. இறுதியில், கோபிநாத்தின் மனைவி கலைவாணி, கணவர் முகத்தைப் பார்க்காமலேயே கையைத் தூக்கினார்.

"எங்க முறையும் குடுத்துடுறோம். அன்னிக்கு மழைல பாப்பா யூனிபார்ம எடுத்து, மடிச்சு, கதவுல மாட்டிட்டுப் போனது யாருன்னு நெனச்சீங்க?"

"ஏய், செகரட்டரி நானா, நீயா?" என்றார் கோபிநாத்.

"வூட்டுக்கு வாங்க, சொல்றேன்."

எழுந்த சிரிப்பில் கைப்பிடிச் சுவரில் இருந்த காகங்கள் பறந்துபோயின. பாதி மாடியில் தகடு பதித்தால் என்னென்ன ஓடும் என்று நிறுவனத்தாரைக் கேட்டுச் சொல்வதாகக் கோபிநாத் ஒப்புக்கொண்டார், சொன்னபடியே கேட்டார். நீரேற்றும் மோட்டாரும் படிக்கட்டு விளக்குகளும் ஓடும் என்றார்கள். மின்தூக்கி பழைய மின்சாரத்திலேயே ஓடுகிறது. தனக்கொடிக்கு அதில் வருத்தமில்லை. அவர் இன்றும் படியில்தான் ஏறுகிறார்.

ஆவணியில் தகடுகள் வந்தன. இரும்புக் கால்களை ஊன்றி, மேற்குப் பாதியில் வரிசையாகப் பொருத்தினார்கள். தனக்கொடி அருகிலேயே நின்று மேற்பார்வையிட்டார்.

"இது எப்பய்யா வேலைக்கு எறங்கும்?" என்று பொருத்துநரைக் கேட்டார்.

"வெயிலு வந்தா எறங்கிடும்மா."

"பொழுது போனா?"

"படுத்துடும்."

"அப்ப நம்ம ஆளுதான்" என்று சான்று வழங்கினார்.

ஊரிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் அழைக்கும்போது இப்போது பேச்சே வேறு. முன்பெல்லாம், "என்னாக்கா இருக்குது அந்த ஊர்ல? காத்து உண்டா, வெளிச்சம் உண்டா?" என்று தம்பி கேட்பார், இவர் பேச்சை மாற்றிவிடுவார். சென்ற மாதம் நான் படியேறும்போது, படியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். குரல் கணீரென்றிருந்தது. "ஒங்க ஊரு வெயிலு என்னாடா பண்ணுது? சும்மா ஆளக் கருக்குது. எங்க வெயிலு வடகம் காயவைக்குது, மோட்டார் ஓட்டுது, படிக்கட்டுல லைட்டுப் போடுது. காத்தா? காத்துக்கு இன்னா கொறச்சல்? ரெண்டாவது ஷிப்டுக்கு டாண்ணு வந்துடுவாரு. வந்து பாரு. வரச்சொல்ல மூஞ்சக் கழுவிக்கினு வா, எங்க ஊருக்கு மரியாத குடுத்து!"

மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய நாள், தவளக்குப்பம் சந்திப்பில் ராஜவேலும் தனக்கொடியும் வண்டியை நிறுத்திச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே பேருந்துக்காக நின்றிருந்த என்னைக் கண்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். தனக்கொடி மட்டும், "ஒரு நிமிசம்" என்று இறங்கி, சாலையோரக் கடைக்குப் போனார். கரும்புக்கட்டு, மஞ்சள்கொத்து, மூக்கணாங்கயிறு ஆகியவற்றுக்கு நடுவே நெட்டிமாலைகள் தொங்கின. ஏரிகளில் வளரும் நெட்டித் தண்டை வெட்டி, சிவப்பும் பச்சையும் ஏற்றிக் கோத்த, மாடுகளின் கழுத்துக்கு மட்டுமே உரிய மாலைகள். எடையே இல்லாதவை. தனக்கொடி நான்கைந்தைப் புரட்டி, நெருக்கமாகக் கோத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

"எத்தினி மாடுங்க்கா?" என்றார் கடைக்காரர்.

"ஒன்னுதான். மாடிலே கட்டியிருக்கேன்."

"மாடிலயா? புல்லுக்கு இன்னா பண்றீங்க?"

"புல்லு வேணாம், தவுடு வேணாம். வெயில மேயும்."

கடைக்காரர் ராஜவேலைப் பார்த்தார். ராஜவேல் வானத்தைப் பார்த்தார்.

"பாலு கறக்குமா?"

"தண்ணி கறக்கும். பன்னண்டு வூடு குளிக்கிற தண்ணி" என்று சொல்லிவிட்டு, மாலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் காலை மாடியில் நாங்கள் நால்வர் இருந்தோம். நிஷா பாயின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். கலைவாணி, கீழே வீட்டுவேலையைச் செயலாளர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுத் தட்டில் கரும்புத் துண்டுகளோடு வந்திருந்தார். தனக்கொடி கிழக்கே திரும்பி, வழக்கம்போல் உள்ளங்கையைத் தரைமேல் விரித்துக் காத்திருந்தார். மார்கழி முழுவதும் முகங்கொடுக்காத வெயில் மெல்ல வந்து கையில் இறங்கியது. "வாங்க" என்றார். சர்க்கரைப் பொங்கலின் முதற்பிடி கைப்பிடிச் சுவருக்குப் போயிற்று. காகங்கள் இரண்டும் தயாராக இருந்தன. மாவிலைக் கொத்தைச் செம்பில் நனைத்துக் காற்று வரும் திசையில் ஒருமுறை தெளித்தார். பிறகு மேற்குப் பாதிக்கு நடந்தார்.

முந்தானையால் முதல் தகட்டின் தூசியைத் துடைத்தார். நெற்றி என்று தாமே முடிவுசெய்த இடத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். சிவப்பும் பச்சையுமான நெட்டிமாலையை அதன் இரும்புக் கழுத்தில் சுற்றி, முடிச்சு பின்புறம் போகும்படி திருப்பிவிட்டார். நிஷா, "முட்டப் போவுதுடி" என்றார். தனக்கொடி காதில் வாங்கவில்லை. மாவிலையால் தகட்டின்மேல் நீர் தெளித்து, "பொங்கலோ பொங்கல்" என்று குரல் கொடுத்தார். நீர்த்துளிகள் சரிவில் உருண்டன. கீழே, நேரம் வந்ததும் மோட்டார் ஓடத் தொடங்கும் ஓசை கேட்டது. தொட்டிக்குள் நீர் விழுந்தது.

அவர் அதைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ஏரைவிட்டு வந்த எருதின் பக்கவாட்டில் தட்டுவது போல, அந்த இரும்புக் காலை உள்ளங்கையால் இருமுறை தட்டிக்கொடுத்தார்.